ஒரு கேள்விக்குறியும் இரண்டு வரிகளும் பிறந்த கதை

1990-ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் வேலை பார்த்தார்கள். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு வகைக் கம்ப்யூட்டர். அத்தனை பேருக்கும் பொதுவாகத் தேவைப்பட்டது ஆராய்ச்சிக்கூடத்தின் தொலைபேசிப் புத்தகம். அது பெரிய ஐபிஎம் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. யாருடைய எண் வேண்டுமானாலும் அதற்குள் லாகின் செய்து தேட வேண்டும். மேசையில் புத்தம் புதிய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள்கூட, நம்பர் பார்ப்பதற்கென்றே மெயின்ஃப்ரேமுக்கு ஒரு ஜன்னலை எந்நேரமும் திறந்து வைத்திருந்தார்கள். டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேய நிரலாளரின் கண்ணில் அந்த ஜன்னல் பட்டது.

அவர் ஒரு பொருளைச் செய்து வைத்துவிட்டு, அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். 1989 மார்ச்சில் திட்டம் எழுதிக் கொடுத்து, 1990 டிசம்பரில் தன் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் காட்டிய அந்தப் பொருளின் பெயர் வேர்ல்டு வைட் வெப். பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். தொலைபேசிப் புத்தகத்தை இதற்குள் கொண்டுவந்துவிட்டால் தினமும் எல்லோரும் இதைத் திறந்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மெயின்ஃப்ரேமில் அந்தப் புத்தகத்தைப் பராமரித்து வந்த பெர்ன்ட் போலர்மன் உதவிக்கு வந்தார். வேலையை ஆரம்பித்தபோதுதான் அஸ்திவாரத்திலேயே ஒரு சிக்கல் தெரிந்தது.

வெப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி உண்டு. எந்த சர்வர், எந்த ஃபோல்டர், எந்தக் கோப்பு என்று அது சொல்லும். தொலைபேசிப் புத்தகத்தில் அப்படிக் காட்ட எந்தக் கோப்பும் கிடையாது. ஒருவர் பெயரைக் கேட்டால் அந்த நொடியில் பதில் தயாராகும். கேட்காவிட்டால் அந்தப் பக்கமே உலகில் இல்லை. கேட்கும்வரை பிறக்காத பக்கத்துக்கு முகவரி எழுதுவது எப்படி?

பெர்னர்ஸ்-லீ முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதற்குப் பின்னால் தேட வேண்டிய சொற்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதிலாகக் கூட்டல் குறி. குறிக்கு முன்னால் இருப்பது யாரிடம் கேட்பது என்பதைச் சொல்லும். பின்னால் இருப்பது என்ன கேட்பது என்பதைச் சொல்லும். அந்தச் சொற்களைத் தட்டச்சு செய்ய ஐசிண்டெக்ஸ் என்ற எளிய தேடல் வசதியும் பக்கத்தில் வந்தது. ஏற்பாடு அவ்வளவுதான். 1991 செப்டம்பரில் கலிஃபோர்னியாவிலிருந்து ஓர் இயற்பியலாளர் வந்திராவிட்டால், அது தொலைபேசிப் புத்தகத்தோடு நின்றுபோயிருக்கலாம்.

ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஸ்லாக் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பால் குன்ஸ் வேறு வேலையாக ஜெனிவா வந்திருந்தார். செப்டம்பர் 13 அன்று பெர்னர்ஸ்-லீ அவரைத் தன் அறைக்கு அழைத்து வெப்பைக் காட்டினார். லிங்க், பக்கம், இன்னொரு லிங்க் என்று எதைப் பார்த்தும் குன்ஸுக்கு ஆர்வம் வரவில்லை. கடைசியாக, நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் தட்டிய கேள்வி மெயின்ஃப்ரேமுக்குப் போய்ப் பதிலோடு திரும்பியதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஊர் மெயின்ஃப்ரேமில் இதைவிடப் பெரிய புதையல் ஒன்று பூட்டிக் கிடந்தது.

அதன் பெயர் ஸ்பைர்ஸ். துகள் இயற்பியலில் உலகெங்கும் எழுதப்பட்ட லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். அச்சில் வருவதற்கு முன்பே கைக்குக் கைமாறும் முன்பிரதிகள்தான் அந்தத் துறையின் உயிர்மூச்சு. பெரிய மையங்களுக்குத் தொலைவில் இருந்தவர்களுக்கு அவை எவ்வளவு முக்கியம் என்பது மயிலாப்பூர் அறிந்த விஷயம். லஸ் பகுதியில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற தன் வீட்டிலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தி, உலக விஞ்ஞானிகளை அங்கே பேச வைத்தவர் அல்லாடி ராமகிருஷ்ணன். 1960-ல் நீல்ஸ் போர் வந்து அந்தக் கருத்தரங்கின் மாணவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3 அன்று பிறந்து, இன்று தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம் அந்த வீட்டுக் கருத்தரங்கின் தொடர்ச்சி. எந்த நாட்டில் யார் என்ன எழுதினார் என்பதை உடனுக்குடன் அறிவதற்கு மெட்ராஸில் எத்தனை ஏக்கம் இருந்ததோ, அதே ஏக்கம் உலகின் பல ஊர்களில் இருந்தது. அதைத் தீர்க்கும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குன்ஸ் ஊர் திரும்பினார். மூன்று மாதம் ஓடியது.

ஸ்லாக் நூலகர் லூயிஸ் அடிஸுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. டிசம்பர் 12 அன்று ஐரோப்பாவுக்கு வெளியே உலகின் முதல் வெப் சர்வர் ஓடத் தொடங்கியது. அதன் முகப்புப் பக்கத்தில் இரண்டே லிங்க்குகள். ஒன்று ஸ்பைர்ஸ்; மற்றது, செர்னைப் போலவே, தொலைபேசிப் புத்தகம். இரண்டுமே கேள்விக்குறியை நம்பிப் பிறந்தவை. அடுத்த மாதம் பிரான்ஸில் நடந்த இயற்பியலாளர் மாநாட்டில் பெர்னர்ஸ்-லீ பேசி முடிக்கும்போது கலிஃபோர்னியாவின் ஸ்பைர்ஸைக் கேள்வி கேட்டுக் காட்டினார். அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பதில் வந்தது. கூடியிருந்தவர்கள் அவரவர் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோனார்கள். கேள்விகள் பெருகப் பெருக, ஒரே ஒரு தேடல் வசதி போதாமல் போயிற்று.

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் பிரவுசர் உருவானது. அதில் பல கட்டங்கள் கொண்ட படிவங்கள் வந்தன. பெயர் ஒரு கட்டம், ஊர் ஒரு கட்டம், தேதி ஒரு கட்டம். இத்தனையையும் ஒரே கேள்விக்குறிக்குப் பின்னால் அடுக்க, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, சமக்குறி போட்டு, & குறியால் பிரித்தார்கள். பாராமீட்டர் என்று இன்று சொல்லப்படும் அந்தத் துண்டுகள் அப்படித்தான் உருவாயின. அதே இடத்தில் ராப் மெக்கூல் என்ற மாணவர் எழுதிய சர்வர், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே வெட்டியெடுத்து வேறொரு நிரலிடம் கொடுத்தது. அந்தக் கைமாற்றலுக்கு சிஜிஐ என்று பெயர்.

பழைய ஐசிண்டெக்ஸ் தேடலைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. அதற்காக விதிமுறையில் ஒரு சலுகை எழுதினார்கள்: கேள்விக்குறிக்குப் பின்னால் சமக்குறி இல்லையென்றால், அது பழைய பாணித் தேடல், அந்தச் சொற்களை நிரலின் கட்டளை வரியிலேயே சேர்த்துவிடலாம். பழையவர்கள் மேல் வைத்த மரியாதையில் எழுதிய விதி அது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து உலகத்தின் தூக்கத்தைக் கெடுக்கும் வெடி அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

அதே ஆண்டுகளில் இன்னொரு தொல்லை வளர்ந்தது: பக்கங்கள் இடம் மாறின. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறையின் 1991 பதிப்புக்கு ‘இங்கே இல்லை, அங்கே போ’ என்று சொல்லவே தெரியாது. 1992 வரைவில் அதற்கென்று எண்கள் வந்தன. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது. 302 என்றால் இப்போதைக்கு வேறிடத்தில் இருக்கிறது. சர்வர் அந்த எண்ணோடு புது முகவரியையும் கொடுக்கும். பிரவுசர் மறு பேச்சின்றி அங்கே போகும். சென்னைத் தெருக்களில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் வாசலில் எழுதி வைத்திருப்பதால்தான், பழைய எண்ணுக்கு எழுதிய கடிதத்தையும் தபால்காரர் சரியான வீட்டில் சேர்க்கிறார். ரீடைரக்ட் என்று சொல்லப்படும் இந்தத் திருப்பிவிடல் செய்யும் வேலையும் அதுவே. வீட்டு எண் மாறினால் மாற்றி எழுதிக்கொள்ளலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே எண் இருந்துவிட்டால் என்ன செய்வது?

அந்தக் கேள்வியின் நேரடி உதாரணம் அண்ணா சாலையிலிருந்து வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. மெட்ராஸும் அந்த முதல் ஊர்களில் ஒன்று. அதுவரை ஐஐடி வளாகம் போன்ற ஆராய்ச்சி இடங்களுக்குள் மட்டும் எர்நெட் என்ற வலையமைப்பு வழியாக இருந்த வசதி, வீட்டு டெலிபோன் கம்பியில் கீச்சிட்டபடி வந்து சேர்ந்தது. அதே 1995-ல் அண்ணா சாலையின் ‘தி இந்து’ இணையப் பதிப்பு தொடங்கிய முதல் இந்திய நாளிதழ் ஆனது. மயிலாப்பூரின் மார்கழிக் கச்சேரி விமர்சனத்தை நியூஜெர்சியில் இருந்த மகன் காலையில் படித்தான். தினமும் கட்டுரைகள் குவிந்தன. குவிந்தவற்றை அச்சிட்டுக்கொள்ள வசதியான வடிவில் காட்ட, ஒரு சின்ன பெர்ல் நிரல் அமர்த்தப்பட்டது.

2000-களில் அந்த நாளிதழின் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினால், லிங்க்கின் நடுவில் சில சமயம் ‘பிரிண்ட்’ என்று அந்த நிரலின் பெயர் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு கேள்விக்குறி. பிறகு மூன்று துண்டுகள்: எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எந்த இணைப்பிதழ். ஞாயிறு மலரா, மெட்ரோ பிளஸ்ஸா, அன்றைய நாளிதழா என்பதை இரண்டு மூன்று எழுத்துகள் சொல்லும். கேள்விக்குறிக்கு முன்னால் இருந்த பகுதியோ அடையாறு ஆலமரத்தைப் பற்றிய கட்டுரைக்கும் தி.நகர் நெரிசலைப் பற்றிய கட்டுரைக்கும் ஒன்றேதான். எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண். வீட்டுக்காரர் பெயர் முழுவதும் குறிக்குப் பின்னால்.

2009 ஆகஸ்ட் 15 அன்று அந்த நாளிதழின் தளம் புதிய வடிவில் சோதனைக்கு வந்தது. 2010 ஜூன் 24 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. புதிய கட்டுரைகளின் முகவரி அமைப்பே வேறு. இப்படி ஒரு மாற்றம் உலகத்தின் எந்தத் தளத்தில் நடந்தாலும், பழைய லிங்க்கோடு வருபவரைச் சரியான பக்கத்துக்கு அனுப்ப வேண்டுமானால் சர்வர் கேள்விக்குறியைத் தாண்டிப் படித்தாக வேண்டும். அதற்கான கருவி பதினான்கு வருடம் முன்பே ஜெர்மனியில் ஓர் இளைஞர் கையில் தயாராகியிருந்தது.

ராப் மெக்கூல் 1994-ல் வேலையை விட்டுப் போனதும் அவருடைய சர்வர் அநாதையானது. அதை நம்பித் தளம் நடத்தியவர்கள் ஆளாளுக்குச் செய்த ஒட்டுவேலைகளைச் சேர்த்து 1995 ஏப்ரலில் வெளியிட்டதுதான் அப்பாச்சி. மறுவருடம் ஏப்ரலில் அது உலகில் அதிகம் பயன்படும் சர்வராகிவிட்டது. அதே 1996 ஏப்ரலில் ரால்ஃப் எங்கெல்ஷால் மாட்-ரீரைட் என்ற துணை நிரலை எழுதினார். வந்த முகவரியை ஒரு வடிவத்தோடு ஒப்பிட்டு, பொருந்தினால் வேறு முகவரியாக மாற்றும் கருவி அது. 1997 ஜூலையில் அதை அப்பாச்சி குழுவுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். தளம் நடத்துபவர்கள் ஆசையோடு முதல் விதியை எழுதிப் பார்த்தார்கள். கேள்விக்குறி உள்ள முகவரிகளில் மட்டும் அந்த விதி அசையவே இல்லை.

காரணம், விதி கேள்விக்குறியோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருப்பதை அது பார்ப்பதே இல்லை. தேடலுக்காக வந்த ஒட்டுப்பகுதி, முகவரியில் சேராது என்ற பழைய நினைப்பு அந்த வடிவமைப்பில் அப்படியே இருந்தது. ஆனால் எங்கெல்ஷால் பக்கத்திலேயே இன்னொரு கதவும் வைத்திருந்தார். விதிக்கு மேலே ஒரு நிபந்தனை வரி எழுதலாம். அதில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள சரம் முழுவதும் கிடைக்கும். ‘தேதி இன்னதாக இருந்தால்’ என்பது முதல் வரி. ‘இந்த இடத்துக்கு அனுப்பு’ என்பது இரண்டாம் வரி. இரண்டே வரிகளில் வேலை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு, பிரவுசர் ‘மிக அதிகமான ரீடைரக்ட்’ என்று சொல்லி நின்றது.

வழி திருப்பும்போது பழைய பாராமீட்டர்கள் தாமாகவே புது முகவரியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. புது முகவரியிலும் அதே தேதி. நிபந்தனை மறுபடி பொருந்தியது. சர்வர் மறுபடி திருப்பியது. சுற்றுக்கு முடிவே இல்லை. தீர்வு பலருக்கும் வியப்பூட்டியது: புது முகவரியின் முடிவில் ஒரு வெறும் கேள்விக்குறி போட்டால், பழையவை அனைத்தும் உதிர்ந்துவிடும். சேர்ப்பதற்காகப் பிறந்த குறி, கழிப்பதற்கும் பயன்பட்டது. பழையவற்றைக் கழித்துவிடு என்று தெளிவாகச் சொல்லும் தனிக் குறியீடு 2012 பிப்ரவரியில் வந்த அப்பாச்சி 2.4-ல்தான் கிடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1993-ல் எழுதிய அந்த மரியாதை வரி கண்விழித்திருந்தது.

2012 ஜனவரி. இந்தியாவின் நல்கான் பாதுகாப்பு மாநாட்டை ஒட்டி இணையத்தில் ஒரு ஹேக்கிங் போட்டி நடந்தது. ஐன்ட்பாசன் என்ற டச்சுக் குழு அதில் விளையாடியது. போட்டியின் போக்கில் எதேச்சையாக, பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடும் ஒரு தளத்தின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்தபோது, பக்கத்துக்குப் பதில் அந்தப் பக்கத்தின் நிரலே திரையில் கொட்டியது. சமக்குறி இல்லை; எனவே அது பழைய பாணித் தேடல்; எனவே அந்தச் சொல் கட்டளை வரிக்குப் போனது; கோட்டோடு வந்த சொல்லைப் பிஎச்பி கட்டளையாகவே எடுத்துக்கொண்டது. சிஜிஐ முறையில் பிஎச்பியை ஓட்டிய தளங்களில் எட்டு வருடமாக அந்த ஓட்டை திறந்திருந்தது. வெளியார் தங்கள் சொந்த நிரலையே அதன் வழியாக ஓட்ட முடியும் என்பது அடுத்துத் தெரிந்தது.

குழு ரகசியமாகத் தகவல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. மே மாதத் தொடக்கத்தில், சரிசெய்யும் முன்பே, அந்தப் புகார்ப் பதிவு தவறுதலாகப் பொதுவெளியில் தெரியும்படி ஆகிவிட்டது. மே 3 அன்று அவசரமாகப் புதிய பதிப்புகள் வந்தன. அவை ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. சரியான பதிப்பு மே 8 அன்றுதான் வந்தது. இடையில் உலகம் எதை நம்பி இருந்தது?

எங்கெல்ஷாலின் இரண்டு வரிகளை. கேள்விக்குறிக்குப் பின்னால் கோடு வந்து சமக்குறி வராவிட்டால் அதை உள்ளே விடாதே என்று ஒரு நிபந்தனை, ஒரு விதி. பிஎச்பி குழுவே அதை வெளியிட்டது. அதிலும் ஓர் இடைவெளி தெரியவர, திருத்தி மறுபடி வெளியிட்டது. பழைய லிங்க்கோடு வந்தவரைச் சரியான பக்கத்தில் சேர்ப்பதற்கு உதவிய அதே ஏற்பாடு, அந்த நாட்களில் வாசல் காவலாகவும் நின்றது. ஃபேஸ்புக் தன் முகவரியின் பின்னால் அந்தக் கோட்டையும் எழுத்தையும் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பாதுகாப்புப் பொறியாளர் வேலைக்கான அறிவிப்பைக் காட்டியது. அமர்க்களம் அடங்கியது. தமிழுக்கு மட்டும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது.

இன்டர்நெட் முகவரிகள் ஆங்கில எழுத்துக்காக அமைந்தவை. வேறு எழுத்து வந்தால் ஒவ்வொரு பைட்டையும் % குறியும் இரண்டு இலக்கமுமாக உடைத்து எழுத வேண்டும். யூனிகோடில் ‘மயிலாப்பூர்’ என்பது பதினொரு குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று குறிகள். மொத்தம் 99. முகவரியின் முற்பகுதியில் இந்தச் சொல் வந்தால் அப்பாச்சி அதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் விதியோடு ஒப்பிடும். கேள்விக்குறிக்குப் பின்னால் வந்தால் பிரிக்காமல் 99 குறிகளாகவே வைத்திருக்கும். நிபந்தனை வரியில் அழகாக ‘மயிலாப்பூர்’ என்று தமிழில் எழுதினால் பொருந்தாது. அந்த 99 குறிகளையும் அதே வரிசையில் எழுதினால்தான் பொருந்தும். தமிழில் தேடும் தளங்கள் இடம் மாறும்போது பொறுமையாக எழுத வேண்டிய வரிகள் இவை.

முகவரி மாறக் கூடாது என்பதை வலியுறுத்தி 1998-ல் பெர்னர்ஸ்-லீயே ஒரு கட்டுரை எழுதினார். மாற்றுவது மனிதர்களின் முடிவே தவிர இயந்திரத்தின் கட்டாயமில்லை என்பது அவர் கட்சி. அப்படியும் தளங்கள் இடம் மாறுகின்றன. நிரல்கள் ஓய்வு பெறுகின்றன. நிறுவனங்கள் வடிவத்தை மாற்றுகின்றன. ஒரு கச்சேரி விமர்சனத்தையோ ஏரியைப் பற்றிய செய்தியையோ யாரோ ஓர் ஆய்வாளர் தன் புத்தகத்தின் அடிக்குறிப்பில் முகவரியோடு எழுதி வைத்திருப்பார். அச்சில் ஏறிவிட்ட அந்த முகவரியைத் திருத்த யாராலும் முடியாது. திருத்தக்கூடியது சர்வர் மட்டும்தான்.

ஐசிண்டெக்ஸ் இன்றைய எச்டிஎம்எல் தரத்தில் இல்லை. அதற்காகப் பிறந்த கேள்விக்குறி, வங்கிக் கணக்கு முதல் கோயில் தரிசன முன்பதிவு வரை எத்தனையோ முகவரிகளில் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பதும் முகவரியே என்று மதித்து இரண்டு வரி எழுதி வைத்த இடத்தில் முப்பது வருடப் பழைய லிங்க்கும் சரியான பக்கத்தில் போய்ச் சேரும். எழுதாமல் விட்ட இடத்தில், கட்டுரை சர்வரில் பத்திரமாக இருந்தாலும் வாசகருக்கு அது இல்லாத கட்டுரைதான்.